பக்கத்து வளவுக்காரர் எழுதிய கடிதம்

வன்னியில், மல்லாவிச் சந்தைக்கு முன்னால் பன்னிரண்டு வருடமாக நான் ஒரு கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு போட்டோக் கொப்பி மெசின், ஒரு கணினி, எனக்கொரு கதிரை, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நற்சான்றுக் கடிதம் என்றால் என் கடைதான். வேலைக்கு, வங்கிக்கு, விசாவுக்கு, எதற்கென்றாலும், "சந்தையடி அக்காட்டப் போங்கோ, அவாவிட்ட வசனம் இருக்கு" என்று கிராம அலுவலரே ஆட்களை அனுப்பி விடுவார்.

வசனம் இருந்தது உண்மைதான். "மேற்படி நபரை எனக்குக் கடந்த பத்து வருடங்களாக நேரில் தெரியும். இவர் நன்னடத்தையும் நல்லொழுக்கமும் உடையவர். சமூக விரோதச் செயல்கள் எதிலும் ஈடுபடாதவர். இவரது எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்." பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றினால் கடிதம் தயார். ஐந்து நிமிட வேலை.

இதைக் கேலி செய்ய முதல் ஒன்றைக் கேளுங்கள். ஒரு ஆசிரியை சொந்த வசனத்தில் அழகாக எழுதிக்கொண்டு போய், "நன்னடத்தை எண்ட சொல் இதில இல்லையே" என்று மூன்று தரம் திருப்பி அனுப்பப்பட்டார். நாலாம் தரம் என் வசனத்தோடு போனார். வாசிக்காமலே முத்திரை குத்தினார்கள். எங்கள் அலுவலகங்களுக்குப் பழகின வசனம்தான் நம்பிக்கையான வசனம். அதை நன்றாக அறிந்தவள் என்ற பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. அதே வசனம்தான் என் மனிசனை, என் கணவரை, இன்னும் ஒரு மாதம் தடுப்புக் காவலில் இருக்க வைத்தது.

அவர் கனடாவில் விமானத்தால் இறங்கின அன்றே பிடிபட்டார். ஏன் போனார் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது இன்னும் வழக்கில் இருக்கிற கதை. "அக்கா, அதைப் பற்றி மட்டும் எங்கயும் வாய் திறக்காதேங்கோ" என்று அங்குள்ள வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னவற்றில் நான் எதிர்த்துக் கதைக்காமல் கேட்ட ஒரே விடயம் அதுதான். போன வழி நேர்வழி இல்லை என்று மட்டும் சொல்லலாம். அதனால் தஞ்சம் கேட்டவரைத் தடுப்பில் போட்டார்கள். தடுப்பு என்ற சொல்லை எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எந்த நாட்டுத் தடுப்பு என்று மட்டும்தான் கேட்பார்கள்.

வழக்கறிஞர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு சொல்லாக யோசித்துத்தான் தமிழ் பேசுவார், ஆனால் தெளிவாகப் பேசுவார். முதல் தரம் வாட்ஸ்அப்பில் எடுத்தபோதே எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். மாதம் ஒருமுறை ஒரு விசாரணை அதிகாரி இருந்து, இவரை வெளியே விடலாமா இல்லையா என்று பார்ப்பாராம். விடுவதென்றால் அங்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும். என் அண்ணா அங்கே இருக்கிறார், பிணைக்கு அவர் ஆயத்தம். அறையும் ஒதுக்கி வைத்திருந்தார்.

"பிறகென்ன பிள்ளை பிரச்சினை?" என்று கேட்டேன்.

"விட்டால் இவர் ஒளிச்சிடுவார், பிறகு விசாரணைக்கு வர மாட்டார் எண்டு அரசாங்கத் தரப்பு சொல்லுது, அக்கா. அப்பிடி இல்லை எண்டு காட்டோணும். ஊரில இவரைத் தெரிஞ்ச ஆக்களிட்டக் கொஞ்சக் கடிதம் எடுத்து அனுப்புவீங்களா?"

கடிதமா! யாரிடம் கேட்கிறீர் பிள்ளை? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு பின்னேரத்தில் பதினான்கு கடிதம் அடித்தேன். அதிபர், கூட்டுறவுச் சங்கத் தலைவர், உழவு மெசின் வைத்திருப்பவர், கோயில் தர்மகர்த்தா என்று ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். முத்திரை இருந்தவர்கள் இரண்டு இடத்தில் குத்தினார்கள். வவுனியாவுக்கு பஸ் ஏறிப்போய் மொழிபெயர்ப்பும் செய்வித்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்பினேன். அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

விசாரணை முடிந்து வழக்கறிஞர் எடுத்தபோது அவருடைய குரலே சரியில்லை.

"அக்கா, இந்த முறை விடேல்ல."

"ஏன்? கடிதம் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது. பதினாலும் ஒரே கடிதம், அக்கா. அரசாங்கத் தரப்புக்காரர் மூண்டை எடுத்து ஒண்டுக்குப் பிறகு ஒண்டா வாசிச்சுக் காட்டினவர். ஒரே ஆள் இருந்து எழுதினது, இதை நம்பேலாது எண்டு சொன்னவர்."

"ஒரே ஆள்தான் எழுதினது! நான்தானே எழுதினனான்! இஞ்ச அப்பிடித்தான் எழுதுறது!" என்று கத்தினேன். வாங்கில் இருந்த இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

அவர் என்னைக் கத்தி முடிக்க விட்டார். பிறகு, "கடைசி வசனத்தை அவர் ரெண்டு தரம் வாசிச்சவர், அக்கா" என்றார். "இவரது எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றி பெற வாழ்த்துகிறேன் எண்டிறதை. தடுப்பில இருக்கிற ஆளுக்கு என்ன எதிர்கால முயற்சி, தப்பி ஓடுறதோ எண்டு கேட்டவர். பதினாலு பேர் வாழ்த்தியிருக்கினம் எண்டு சொன்னவர்."

அட கோதாரி! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கினது அடியில்லை, தலை. பன்னிரண்டு வருடமாக ஒருவரும் வாசிக்காத வசனத்தை முதல் முதலாக ஒரு மனிதன் வாசித்திருக்கிறான், அதுவும் என் மனிசனுக்கு எதிராக. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரத்தை அந்தப் பிள்ளை மேலேயே கொட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்:

"நல்லவர் எண்டு எழுத வேண்டாம், அக்கா. அதை அவை கேக்கேல்ல. கூப்பிட்டால் இவர் வருவாரா? அவ்வளவுதான் கேள்வி. அதைக் கண்ணால கண்ட ஆள் யாராவது, தன்ர கையால எழுதோணும். நீங்கள் அடிக்கக் கூடாது."

அடுத்த விசாரணைக்கு முப்பது நாள் இருந்தது.

அடுத்த நாள் காலையே வெள்ளைத் தாளும் பேனையும் கொண்டு புறப்பட்டேன். அதிபர் தாளைத் திருப்பித் தந்தார். "ஏன் ரீச்சர் மாதிரி வந்து சோதினை வைக்கிறீங்கள்? நீங்களே அடியுங்கோ, நான் சீல் குத்துறன்." உழவு மெசின்காரர் ஒரேயடியாக மறுத்தார். "நான் எழுதினா எனக்கே வாசிக்கேலாது, அக்கா. வெள்ளைக்காரன் பாவமெல்லோ." ஐந்து பேர் மட்டும் மனம் இரங்கிக் கையால் எழுதித் தந்தார்கள். கடையில் கொண்டுவந்து விரித்துப் பார்த்தேன். ஐந்து பேரும் என் வசனத்தையே மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். நன்னடத்தை, நல்லொழுக்கம், எதிர்கால முயற்சிகள், ஒரு சொல்லும் தப்பவில்லை. ஊரையே அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். வாய்விட்டு அழுதேன்.

அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து, சந்தைக்குள் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா கொப்பி எடுக்க வந்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் கடை திறந்தவர். நிதானமான மனிதர். எங்கள் பகுதி இணக்கசபையில் அவரும் ஒரு உறுப்பினர். வேலிச் சண்டை, வாய்ச் சண்டை என்று கோர்ட்டுக்குப் போக முதல் ஊரவர் இருந்து பேசித் தீர்க்கப் பார்க்கிற சபை அது. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கூடும்.

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் ஐந்து கடிதத்தையும் வாசித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "கூப்பிட்டா வருவாரோ எண்டுதானே தங்கச்சி கேக்கினம்?"

"ஓம் நானா."

"அதுக்குச் சாட்சி இஞ்ச சந்தையில இல்லை. உங்கட வேலிக்கு அங்கால இருக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி மெசினைத் துடைத்தேன்.

"சபையில நடந்ததை நான் எழுதக் கூடாது, தங்கச்சி. ஆனா வழக்குப் போட்ட மனுசன் எழுதலாம். அவரிட்டக் கேளுங்கோ."

"அந்தாளிட்டயோ? செத்தாலும் போகமாட்டன்!" என்றேன்.

பக்கத்து வளவுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர் முடிந்து ஊருக்குத் திரும்பினபோது எங்கள் இரண்டு வளவும் ஒரே காடாகக் கிடந்தது. வேலியும் இல்லை, வேலிக் கதியாலும் இல்லை. நடுவில் ஒரு பிலாமரம் மட்டும் நின்றது. மரம் எங்கள் எல்லைக்குள் என்று என் மனிசன் சொன்னார். தங்கள் எல்லைக்குள் என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னார். வேலி இரண்டு தரம் போட்டு இரண்டு தரம் பிடுங்கப்பட்டது. கடைசியில் அவர் இணக்கசபைக்கு எழுதிப் போட்டார். ஆறு சனிக்கிழமை பேசினார்கள். இணக்கம் வரவில்லை. மரம் இன்னும் யாருக்கும் இல்லாமல் இரண்டு பக்கமும் காய்த்துக்கொண்டு நின்றது.

அந்த ஆறு சனிக்கிழமையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இனி இந்தப் பக்கத்து வளவு ஆளின்ர படலைக் கதவைத் திறந்தா நான் பொம்பிளை இல்லை" என்று சந்தியில் நின்று, பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் கேட்கச் சொன்னவள் நான். நாலு வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வந்தேன். அவர் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போகிற நேரம் பார்த்து நான் கிணற்றடிக்குப் போக மாட்டேன். அவருடைய மனைவி என் கடைக்கு வராமல், ஒரு கொப்பி எடுக்கப் பக்கத்து ஊர் துணுக்காய் வரைக்கும் போவார்.

நானா சொல்லி ஒரு கிழமை ஆகியும் நான் அசையவில்லை. அப்போதுதான் தடுப்பிலிருந்து என் மனிசன் எடுத்தார். கிழமையில் இரண்டு தரம் எடுப்பார். எப்போதும் முதலில் மழை பெய்ததா என்று கேட்பவர், அன்று கேட்கவில்லை.

"நான் கையெழுத்து வைக்கப் போறன்" என்றார்.

"என்ன கையெழுத்து?"

"திருப்பி அனுப்புங்கோ எண்டு. இஞ்ச ஒருத்தன் வைச்சுப்போட்டு ஊருக்குப் போயிட்டான். எனக்கும் ஏலாது. அவை என்னை நம்பப் போறதில்லை. அடுத்த முறையும் இதே கதைதான்."

திரும்பி வந்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதையும் நான் எழுதக் கூடாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது தெரிந்த மனிதன் திரும்பி வருகிறேன் என்று சொல்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு உடைந்திருப்பார்!

"விசர்க் கதை கதையாதேங்கோ. விசாரணை வரைக்கும் பொறுங்கோ. நல்ல கடிதம் ஒண்டு வருகுது" என்றேன்.

"ஆர் தாறது?"

"அது உங்களுக்கு ஏன்?"

போனை வைத்தேன். வாய்க்கொழுப்பு சீலையால் வடியுது என்று எங்களுடைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அன்று வடிந்தது. தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு சாண் என்ன, முழம் என்ன? அடுத்த நாள் விடிய, தலையைக்கூட வடிவாகச் சீவாமல், அந்தப் படலையைத் திறந்தேன்.

அவர் முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, கழுத்தில் துவாய். என்னைக் கண்டதும் வைக்கோலைக் கீழே போட்டார்.

"என்ன, மரத்தைத் தறிச்சுப்போட்டீரோ?"

"இல்லை அண்ணை" என்றேன். அண்ணை என்ற சொல் நாலு வருடத்துக்குப் பிறகு வாயில் வந்தது. "ஒரு உதவி கேட்டு வந்தனான்."

அவருடைய மனைவி உள்ளே இருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார். நான் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் பதினான்கு கடிதத்தின் கதையையும் சேர்த்துத்தான். அதைக் கேட்டபோது குசினிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. வேறு நேரமென்றால் எழும்பி வந்திருப்பேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் பொய் எழுதமாட்டன்" என்றார்.

"பொய் கேக்கேல்ல அண்ணை."

"அவன் நல்லவன் எண்டு எழுதமாட்டன்."

"எழுத வேண்டாம்."

"மரம் உங்கட எண்டும் எழுதமாட்டன்."

"அதைக் கேக்கேல்ல எண்டு சொல்லிறனெல்லோ!" என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பிறகு அடக்கிக்கொண்டு சொன்னேன்: "கூப்பிட்ட நேரமெல்லாம் அந்தாள் வந்ததோ இல்லையோ? அதை மட்டும் எழுதித் தாங்கோ."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வந்தவன்தான்" என்றார். "பேனை இருக்கோ?"

நான் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், பேரப்பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து இரண்டு ஒற்றைத் தாள் கிழித்தார். மேசையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம். எனக்குக் கை துருதுருத்தது. எட்டிப் பார்த்தேன். "அங்கால இரும்! நீர் பிழை திருத்தப் பாப்பீர்" என்று மறு கையால் மறைத்துக்கொண்டார். அவருடைய மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். குடித்தேன். சீனி சரியாக இருந்தது.

எழுதி முடித்ததும் அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தார். இணக்கசபை ஆறு தவணைக்கும் அனுப்பின அழைப்புத் துண்டுகள், யார் வந்தது யார் வராதது என்ற குறிப்போடு அதற்குள் அடுக்கி இருந்தன. "இதுகளையும் கொப்பி எடும். ரெண்டில நான் வரேல்ல எண்டு இருக்கு. பரவாயில்லை, போடும்" என்றார். படலை வரைக்கும் வந்துதான், நன்றி என்ற சொல் எனக்கு வந்தது. அதற்குள் அவர் மாட்டடிக்குப் போய்விட்டார்.

கடையில் வைத்து அந்தக் கடிதத்தை வாசித்தேன். இன்றும் பாராமல் சொல்வேன்:

"நான் இந்த நபருடைய நண்பன் இல்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்கிற பிலாமரம் யாருடையது என்று இணக்கசபைக்குப் போனோம். எழுதிப் போட்டது நான். ஆறு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். ஆறுக்கும் அவர் வந்தார். நாலாம் தவணைக்குக் காய்ச்சலோடு, கையில் சேலைன் ஏற்றின பிளாஸ்ரரும் ஒட்டியபடி, ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்தார். நான் இரண்டு தவணைக்குப் போகவில்லை. ஒன்றுக்கு மறந்து போனேன். மற்றதற்கு வேண்டுமென்றே போகவில்லை. அவர் பிடிவாதக்காரர். கோபம் வந்தால் சத்தம் போடுவார். அவருடைய மனைவிக்கு அவரைவிட வாய் கூட. மரம் என்னுடையதுதான். ஆனால் கூப்பிட்டால் அவர் வருவார். இதை நான் சொன்னால்தான் உண்டு. ஏனென்றால், இன்றைக்காவது வராமல் விடமாட்டாரா என்று, போன நாலு தரமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்."

ஒரு பந்தியில் பன்னிரண்டு எழுத்துப் பிழை. மூன்று இடத்தில் வெட்டி எழுதியிருந்தார். முத்திரையும் இல்லை, தலைப்பும் இல்லை. என் வாயைப் பற்றின வசனத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்டேன்.

"தொட வேண்டாம், அக்கா. ஒரு எழுத்தும் தொட வேண்டாம்" என்றார். அந்தக் குரல் அழுகிறதோ சிரிக்கிறதோ தெரியவில்லை. "இதைத்தான் கேட்டனான்" என்றார்.

விசாரணை அங்கே காலை, இங்கே மாலை ஆறரை. நான் கடையைப் பூட்டவில்லை. யாரோ தந்துவிட்டுப் போன சோதினைத் தாளை நூற்றைம்பது கொப்பி எடுத்தேன். அவர் கேட்டது ஐம்பது. ஏழரைக்குப் போன் அடித்தது.

"அக்கா, விட்டிட்டாங்க!"

"என்ன?"

"விட்டிட்டாங்க, அக்கா! இண்டைக்கே வெளியில வாறார்!"

நான் போட்ட சத்தத்தில் சந்தியில் நின்ற ஓட்டோக்காரர்கள் கடைக்குள் பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு ஓடி வந்தார்கள். உண்மை தெரிந்ததும் அவர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். நானா கடையைப் பாதி பூட்டிவிட்டு வந்து, ஆளுக்கொரு சோடா உடைத்துக் கொடுத்தார். வென்றோம்! மூன்று தரம் அதை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல இனித்தது.

உள்ளே நடந்ததை வழக்கறிஞர் பிறகு சொன்னார். விசாரணை அதிகாரி ஒரு வயதான அம்மா. கடிதத்தை ஒருமுறை மனதுக்குள் வாசித்துவிட்டு, மறுபடி சத்தமாக வாசித்தாராம். "இந்த இரண்டு பேரும் இப்போது சமாதானமா?" என்று கேட்டாராம். இல்லை என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த அம்மா மொழிபெயர்ப்பாளர் மூலம் என் மனிசனிடமே கேட்டார்: காய்ச்சலோடு ஏன் போனீர்?

எங்கள் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "போகாட்டில் மரம் அவருக்கெண்டு முடிஞ்சிருக்கும்" என்றாராம். வழக்கறிஞர் தலையில் கை வைத்துவிட்டாராம். ஆனால் அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். அரசாங்கத் தரப்புக்காரரிடம், "உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டபோது, அவர் அழைப்புத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவ்வளவாக இல்லை என்றாராம். பதினான்கு கடிதத்தால் முடியாததை இரண்டு கொப்பித் தாள் முடித்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், என் படலைக்கு முதல் அவர்களுடைய படலையைத் திறந்தேன். "அண்ணை, விட்டிட்டாங்கள்!" என்று முற்றத்தில் நின்றே கத்தினேன். அவருடைய மனைவி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் மட்டும் கதிரையில் இருந்தபடி யோசித்தார்.

"இனி எத்தினை தரம் கூப்பிடுவினமாம்?"

"ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் போய்க் கையெழுத்து வைக்கோணுமாம், வழக்கு முடியும் வரைக்கும்."

"ஒண்டையும் விடக் கூடாது எண்டு சொல்லும். நான் எழுதிக் குடுத்திருக்கிறன்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

முதல் தவணைக்குப் போன அன்று என் மனிசன் படம் ஒன்று அனுப்பினார். அண்ணாவின் தொளதொளத்த ஜக்கெற்றோடு ஒரு கட்டட வாசலில் நிற்கிறார். கீழே, "இதை அங்கால காட்டும்" என்று எழுதியிருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்து வளவுக்காரர் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"நேரத்துக்குப் போனவனோ?"

"அரை மணித்தியாலம் முந்தியே போய் நிண்டவராம்."

"ம். இஞ்சயும் அப்பிடித்தான்" என்றார். "இதில எனக்கொரு கொப்பி எடுத்துத் தாரும்." அதை அழைப்புத் துண்டுகள் இருந்த உறைக்குள்ளேயே வைத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு தவணை நாளும் பின்னேரம் அவர் என் கடை வாங்கில் வந்து இருந்துவிடுவார். கொப்பி எடுக்க வருகிறவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டு அதிசயிப்பார்கள். ஒருநாள் ஏழு மணியாகியும் படம் வரவில்லை. ஏழரையும் ஆனது. நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீங்கள் போங்கோ அண்ணை, படம் வந்த உடன நான் கொண்டுவந்து காட்டுறன்."

"நானெல்லோ கையெழுத்து வைச்சனான்" என்று அசையாமல் இருந்தார்.

எட்டுக்குக் கிட்ட படம் வந்தது. பனி கொட்டி பஸ் ஓடவில்லையாம். இரண்டு மைல் நடந்து, நேரத்துக்குப் போயிருக்கிறார். தலையெல்லாம் வெள்ளை. பக்கத்து வளவுக்காரர் படத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு எழும்பிச் சைக்கிளை எடுத்தார்.

"ஒரு செய்தி போட்டு விடும்" என்றார். "தொப்பி போட்டுக்கொண்டு போகச் சொல்லும். மரம் என்ர எண்டும் சொல்லும்."

நான் கணினிக்கு முன்னால் இருந்து, அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்து அனுப்பினேன்.